படுத்திருக்கும் மீனுக்கு நீந்தும் இரை: கயாக்கில் ஹாலிபட் பிடிக்கும் முறையும் கொழும்புக் கடலும்

கடலடி மணலில் உடம்பைப் புதைத்து, கண்கள் இரண்டை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும் மீன் ஹாலிபட். துரத்திப் போய் வேட்டையாடுவதைவிடக் காத்திருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். சின்ன மீன் ஒன்று தலைக்கு மேலாகப் போகும்வரை பொறுத்திருக்கும். கிட்ட வந்ததும் ஒரே பாய்ச்சல், பிறகு திரும்பவும் மணல். இதைத் தூண்டிலில் பிடிக்க நினைப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் குணத்தைத்தான். அது நம்மைத் தேடி வராது. நாம்தான் இரையை, அதுவும் உயிரோடு துடிக்கிற இரையை, அது கிடக்கும் இடத்துக்கு மேலாக மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு, ஈயம், தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), வாளி எல்லாம் இந்த ஒரு வேலைக்குத்தான்.

கலிபோர்னியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கயாக்கில் உட்கார்ந்து தாம்பாளம் அளவு மீனை மடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி, "இது இங்கே ஏலுமா?" முறை ஏலும். மீன் வேறு, தண்ணீர் வேறு, காற்று வேறு. எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்துகொண்டால், அங்கே எழுதப்பட்ட குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றி இரையைச் சாகடிக்காமல் இருக்கலாம்.

எந்த ஹாலிபட்?

அந்தப் பெயரில் பல மீன்கள் உண்டு. அலாஸ்காப் பக்கம் கிடைக்கும் பசிபிக் ஹாலிபட் இராட்சதன். 200 கிலோவைத் தாண்டியவையும் பிடிபட்டிருக்கின்றன. கயாக்காரர்கள் உயிர் இரையோடு தேடிப் போவது பெரும்பாலும் கலிபோர்னிய ஹாலிபட்டை. அது 30 கிலோ வரை வளரக்கூடியது என்றாலும் வழக்கமாக அகப்படுவது இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான். 22 அங்குலத்துக்குக் குறைந்ததை அந்த மாநிலச் சட்டப்படி திரும்ப விட்டுவிட வேண்டும். ஆழம் குறைந்த மணற்பாங்கான இடங்களுக்கு வருவதால், மோட்டர் இல்லாத கயாக்கிலும் அதை எட்ட முடிகிறது. பசிபிக் ஹாலிபட்டுக்கும் கயாக்கில் போகிறவர்கள் உண்டு. ஆனால் அது வேறு ஆழம், வேறு துணிச்சல்.

தட்டை மீன்கள் எனப்படும் இந்த இனத்து மீன்கள் எல்லாமே பிறக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும், பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். குஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்து படுக்கப் பழகிக்கொள்ளும். மேல்பக்கத் தோல் சுற்றியிருக்கும் மணலின் நிறத்துக்கு மாறும். கண்கள் மேலே பார்த்தபடி இருப்பதால், வெளிச்சத்தின் பின்னணியில் நிழலாகத் தெரியும் இரையை அது கீழிருந்தே கண்டுகொள்கிறது. உடம்பின் பக்கக்கோடு தண்ணீரின் அதிர்வை உணர்கிறது. செத்த மீனையும் அது தின்னும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துடிக்கிற மீன் கண்ணுக்கும் தெரிகிறது, அதிர்வையும் அனுப்புகிறது. உயிர் இரையின் இரகசியம் இவ்வளவுதான்.

நம் கடலில் இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம் எருமை நாக்கு. இந்திய ஹாலிபட் என்ற வியாபாரப் பெயரும் இதற்கு உண்டு. மெல்லிய, சின்ன வாயுள்ள சாதாரண நாக்கு மீனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எருமை நாக்கு தடிப்பமானது. வாய் பெரியது, பல் கூரானது. நகர்ந்த கண் முழுதாக மறுபக்கம் போய்ச் சேராமல் தலையின் உச்சி விளிம்பிலேயே நின்றுவிட்டது போலிருக்கும். பெரும்பாலும் 50 சென்ரிமீற்றர் அளவு, அறுபது சொச்சம் வரை போகும். மணலும் சேறும் உள்ள அடித்தளத்தில், கரையோரத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் ஆழம் வரை வாழ்கிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொழும்புக் கரையில் இந்த முறையில் தூண்டில் போட்டால் எருமை நாக்கைவிட பாரையும் களவாயும் விளைமீனும் கெளுத்தியும் திருக்கையும்தான் முன்னுக்கு வரும். தட்டை மீன் மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பேலியகொடை மீன் சந்தைக்குப் போவதே நல்லது. நான் இந்த முறையைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம், கடலடியில் பதுங்கியிருக்கும் எந்த மீனுக்கும் இது சரிவரும் என்பதுதான்.

மிதந்துபோவதுதான் தேடுவது

நங்கூரம் போட்டுவிட்டு ஒரே இடத்தில் இரையை இறக்கினால் என்ன? கூட்டமாக அலையும் மீனுக்கு அது சரி. படுத்திருக்கும் மீனுக்குச் சரிவராது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரையின் இரண்டு பக்கமும் இவ்விரண்டு மீற்றர் தூரத்துக்குள் கிடக்கும் மீனுக்குத்தான் அது தெரியும் என்று வையுங்கள். நங்கூரமிட்ட கயாக்கின் கீழே இரை ஒரு மீற்றர் தூரத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்தாலும் முப்பது சதுர மீற்றர் அளவு மணலைத்தான் அது பார்க்கிறது. கயாக்கை மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கவிட்டால், ஒரு மணித்தியாலத்தில் ஆயிரம் மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம்: ஏறக்குறைய ஒரு ஏக்கர். மீன் எங்கே கிடக்கிறது என்று தெரியாத நிலையில் முப்பது சதுர மீற்றரை நம்புவதா, ஒரு ஏக்கரை நம்புவதா?

அதனால் ஹாலிபட்காரர்களின் பேச்சில் பாதி வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும். மணிக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை நல்ல வேகம். கைத்தொலைபேசியின் வரைபடச் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதைவிட வேகமாகப் போனால் ஈயம் அடியைவிட்டு எழும்பிவிடும், இரை நடுத்தண்ணீரில் இழுபடும், மணலில் கிடக்கும் மீனுக்கு அது தொலைவில் போகிற பஸ் மாதிரி. மெதுவாகப் போனால் தேடும் பரப்பு குறையும், இரை கல்லிடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

கலிபோர்னியாவில் இந்த வேகத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? விரிகுடாக்களில் பெரும்பாலும் வற்றுப்பெருக்கிலிருந்து. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே சுமார் இரண்டு மீற்றர் வித்தியாசம் வருகிறது. அவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும்போது கயாக்கையும் கொண்டுபோகும். அங்கே ஆட்கள் நேர அட்டவணையைப் பார்த்துக் கடலுக்குப் போவது இதனால்தான். கொழும்பில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றர் கூட இல்லை. வற்றுப்பெருக்கு அட்டவணையை இங்கே மனப்பாடம் செய்து பெரிய பயன் கிடையாது. நம் கயாக்கைத் தள்ளுவது காற்றும் கரையோர நீரோட்டமும்.

காற்று என்றால் நேரமும் மாதமும் முக்கியம். வைகாசி முதல் புரட்டாதி வரை, அதாவது மே முதல் செப்ரெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையைப் போட்டு அடிக்கும். சோழகக் காலத்தில் கல்கிசைக் கடலில் கயாக் இறக்குவது பற்றிப் பேசவே வேண்டாம். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதி. அந்த மாதங்களில் விடியற்காலையில் தரையிலிருந்து கடல் பக்கம் மெல்லிய காற்று வீசும், வெயில் ஏறிய பிறகு அது மாறிக் கடலிலிருந்து தரைக்கு வீசும்.

இந்த இரண்டு காற்றையும் வைத்துத்தான் காலை வேலையை அமைக்க வேண்டும். விடியும்போது கரைக்கு அருகே ஆழம் குறைந்த இடத்தில் தூண்டிலை இறக்கினால், தரைக்காற்று உங்களை மெதுவாக ஆழத்துக்குக் கொண்டுபோகும். ஐந்து மீற்றரிலிருந்து பதினைந்து மீற்றர் வரை எல்லா ஆழத்தையும் ஒரே மிதப்பில் தொட்டுவிடலாம். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஆபத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது: துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருப்பவரைத் தரைக்காற்று சத்தமில்லாமல் மேற்கே கொண்டுபோய்விடும். கரைக்கு அருகே அலை அடங்கிக் கிடக்கும். வெளியே போகப் போகத்தான் காற்றின் பலம் தெரியும். திரும்பும் எல்லையைக் கரையிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். கடற்காற்று வந்து திரும்பக் கொண்டுவந்து விடும் என்று நம்பியிருக்கவும் கூடாது. அது சில நாள் பிந்தி வரும், சில நாள் வெள்ளைத் தலை அலைகளோடு வரும்.

காற்று கொஞ்சம் கூடிவிட்டால் வேகத்தைக் குறைக்க இழுவைப் பை உதவும். வாய் அகன்ற துணிப்பை அது. கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டால் குடைபோல விரிந்து கயாக்கைப் பிடித்து இழுக்கும். வாங்கக் கிடைக்காவிட்டால் கைபிடியில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளியும் அதே வேலையைச் செய்யும். அதைப் போட்டும் வேகம் குறையவில்லையென்றால் அன்றைக்குக் கரையேறும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்த மணலுக்கு மேலாக மிதப்பது என்பது அடுத்த கேள்வி. வெறும் மணல் பரந்து கிடக்கும் இடத்தைவிட, மணலும் கல்லும் சந்திக்கும் ஓரம் நல்லது. சின்ன மீன்கள் கல்லை அண்டி வாழும். அதை விட்டு வெளியே வரும் வழியில் பதுங்கிக் கிடப்பது வேட்டை மீனுக்கு வசதி. தெகிவளை, கல்கிசைப் பக்கம் கரைக்கு வெளியே கற்பார்களும் அவற்றுக்கிடையே மணல் வாய்க்கால்களும் உண்டு. கடல் தெளிந்த மாதங்களில் எடுத்த செய்மதிப் படங்களில் கல் கறுப்பாகவும் மணல் வெளிறியும் தெரியும். கடலில் அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் இதற்கென்றே கட்டியது மாதிரி எங்கிருந்தும் தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தையோ கோயில் கோபுரத்தையோ சேர்த்துக்கொண்டால் ஒரு கோடு கிடைத்துவிடும். வேறு திசையில் இதேபோல இன்னொரு கோடு எடுத்தால், இரண்டும் சந்திப்பதுதான் உங்கள் இடம். துறைமுக எல்லைக்குள் மட்டும் போக வேண்டாம். அது தடைசெய்யப்பட்ட இடம்.

அடியில் என்ன இருக்கிறது என்று ஈயமே சொல்லும். கல்லில் பட்டால் டக் டக்கென்று கையில் அடிக்கும். மணலில் சுரண்டிக்கொண்டு வரும். சேற்றில் பொதக்கென்று இறங்கி, இழுக்கும்போது ஒட்டிக்கொண்டு விடும். கொஞ்ச நேரம் கவனித்துப் பழகினால் ஆழமானி இல்லாமலே கீழே இருப்பதைக் கையால் வாசிக்கலாம்.

இரையின் உயிர்

எல்லாவற்றிலும் இங்கேதான் ஆரம்பகாரர் தோற்றுப்போகிறார், கொழும்பில் இன்னும் வேகமாக. காரணம் சூடு.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் குறையும். 15 பாகை செல்சியஸ் கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் சுமார் 6தான். கலிபோர்னியாக் கடல் முதலாவதற்குக் கிட்ட, கொழும்புக் கடல் இரண்டாவதற்குக் கிட்ட. இதோடு முடியவில்லை. சூடான நீரில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் அதற்கு ஒட்சிசன் அதிகம் தேவை. பத்துப் பாகை கூடினால் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. இருபது லீற்றர் வாளியில் ஒரு டசின் மீனைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அங்கே ஒருவர் எழுதியிருந்தால், இங்கே அதே வாளியில் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

வாளி வட்டமாக இருக்கட்டும். சதுரப் பெட்டியில் மீன் மூலைக்குப் போய் முட்டி முட்டிச் செதிலை இழக்கும். செதிலோடு வழுவழுப்புப் படலமும் போனால் அது பிழைக்காது. இரையைத் தொடும்போது கையை நனைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதிலிருக்கும் குளோரின் செவுளைக் கெடுத்துவிடும். பற்றரியில் ஓடும் மீன்தொட்டிக் காற்றுப் பம்ப் ஒன்று போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று ஒட்சிசனைத் தரும். வெயிலில் சூடாகிக்கொண்டே வரும் வாளித் தண்ணீரை அது குளிர்விக்காது, மீனின் கழிவையும் அகற்றாது. நம் கடலுக்கு நல்லது, கயாக்கின் அடியிலிருந்து கடல்நீரை ஏற்றி வாளிக்குள் விட்டு, நிரம்பி வழிவதைத் திரும்பக் கடலிலேயே விடும் சின்ன நீர்ப்பம்ப். அது இல்லாவிட்டால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூடி போட்டு, மேலே ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள். துளையிட்ட வாளியைக் கயாக்கின் பக்கத்தில் கட்டி இழுத்துப் போவதும் ஒரு வழிதான். மிதக்கும்போது நன்றாக வேலை செய்யும், துடுப்பு வலிக்கும்போது பெரிய தொல்லை.

எந்த மீனை இரையாக வைப்பது? கலிபோர்னியாவில் சாளையும் நெத்தலியும் உயிரோடு விற்கிற மிதவைகளே துறைமுகங்களில் உண்டு. கயாக்கில் பக்கத்தில் போய்க் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கொழும்பில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம், நாமே பிடிக்க வேண்டும். சின்னத் தூண்டில்கள் வரிசையாகக் கட்டிய இறகுத் தூண்டில் கோர்வையில் சாளை ஏறும். ஆனால் சாளை தொட்டால்சிணுங்கி. செதில் கொட்டும், சூட்டைத் தாங்காது, அரை மணித்தியாலத்தில் வயிற்றைக் காட்டும். நான் சிபாரிசு செய்வது மணலைக் குஞ்சு, சிலர் மடவை என்பார்கள். பத்து முதல் பதினைந்து சென்ரிமீற்றர் அளவு. உவர்நீரிலும் நன்னீர் கலந்த நீரிலும் வளர்கிற மீன் ஆதலால் ஒட்சிசன் குறைவையும் உப்பு ஏற்ற இறக்கத்தையும் தாங்கும். ஆழம் குறைந்த இடத்தில் வீச்சு வலையில் அகப்படும். வலை வீசத் தெரியாதவர் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்குவதே சுலபம்.

மழைக்குப் பிறகு ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். களனி கங்கை முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் வாய்க்கால்கள் வந்து விழுகின்றன. பெருமழை பெய்தால் நன்னீர் பாரம் குறைந்ததால் கடலின் மேற்பரப்பில் ஒரு படையாக மிதக்கும். உங்கள் பம்ப் உறிஞ்சுவது அந்த மேற்படையைத்தான். கடல் நடுவில் இருந்துகொண்டே சாளையை நன்னீரில் கொல்கிற வேலை இப்படித்தான் நடக்கிறது. வாய்க்கால் கொண்டுவரும் நகரத்துக் கழிவு வேறு. மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும்வரை பொறுப்பது இரைக்கும் நல்லது, உங்கள் தோலுக்கும் நல்லது.

கட்டுவது

ரொட், ரீல் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஏழடிக்குக் குறைவான நடுத்தர ரொட், 20 றாத்தல் பின்னல் நூல், மீன் பலமாக இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் நல்ல உராய்வுப் பிடி உள்ள ரீல். நீண்ட ரொட் கயாக்கில் உட்கார்ந்திருப்பவருக்குக் கஷ்டம், மீன் பக்கத்தில் வரும்போது கை எட்டாது.

நூலில் துளையுள்ள ஈயக்குண்டைக் கோருங்கள். அதன் கீழே சுழலும் வளையம், அதாவது சுவிவல். அதிலிருந்து 60 முதல் 90 சென்ரிமீற்றர் தங்கூசி, நுனியில் தூண்டில். ஈயம் நூலில் வழுக்கி ஓடுவதுதான் இதன் சாரம்: மீன் இரையைப் பிடித்து நகரும்போது நூல் மட்டும் போகும், ஈயத்தின் பாரம் அதற்குத் தெரியாது. சந்தேகப்பட்டுத் துப்புவதற்குள் நமக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. பத்து மீற்றர் ஆழத்துக்கு 30 கிராம் ஈயத்தில் தொடங்கலாம், தேவைப்பட்டால் 60 வரை போகலாம். அடியைத் தொடும் ஈயங்களில் மிகப் பாரம் குறைந்தது எதுவோ அதுவே சரியானது. நூல் தண்ணீருக்குள் 45 பாகைச் சரிவில் போனால் நல்லது. அந்தச் சரிவில் பத்து மீற்றர் ஆழத்துக்குப் பதினாலு மீற்றர் நூல் வெளியே இருக்கும். நூல் கிட்டத்தட்டப் படுத்துவிட்டால் ஈயம் அடியில் இல்லை. கூட்டுங்கள், இல்லையென்றால் இழுவைப் பையைப் போடுங்கள்.

தங்கூசியின் தடிப்பு கலிபோர்னியாவில் 15, 20 றாத்தல் போதும். எருமை நாக்கின் பல்லுக்கும், அழையாமல் வருகிற ஊழி போன்ற பல்லன்களுக்கும் இங்கே 30, 40 வேண்டும். கல் அதிகமுள்ள இடத்தில் ஈயத்தை மட்டும் பலம் குறைந்த நூலில் தனியாகத் தொங்கவிடலாம். மாட்டிக்கொண்டால் அது அறுந்து போகும், மிச்சமெல்லாம் திரும்ப வரும். அறுந்த வலைத் துண்டுகள் நிறையக் கிடக்கும் நம் கடலடியில் இது பெரிய சேமிப்பு.

தூண்டில் வட்டத் தூண்டிலாக இருக்கட்டும். அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் தொண்டைக்குள் குத்தாமல் வாயோரத்தில் வந்து மாட்டும். திரும்ப விடவேண்டிய மீனைப் பெரிய காயமில்லாமல் விடலாம். கலிபோர்னியாவில் இரையின் வாலோரம் இரண்டாவதாக ஒரு முக்கிளைத் தூண்டிலும் கட்டுவார்கள், ஹாலிபட் பல தடவை இரையை வால் பக்கமாகக் கவ்விப் பிடித்துக்கொண்டு கிடப்பதால். பயன் உண்டுதான். ஆனால் ஆடும் கயாக்கில், வழுக்கும் மீனோடு, மடியில் ஒரு முக்கிளைத் தூண்டில் என்பதை ஆரம்பகாரருக்கு நான் சொல்லமாட்டேன்.

இரையை எங்கே குத்துவது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மிதக்கும் கயாக் இரையை முன்னோக்கி இழுக்கிறது. மூக்கிலோ மேலுதட்டிலோ குத்தியிருந்தால் அது தலை முன்னால் இருக்க இயல்பாக நீந்தும், செவுளுக்குத் தண்ணீர் போகும். முதுகில் குத்தினால் குறுக்காக இழுபட்டு, சுழன்று, நூலை முறுக்கி, சீக்கிரம் மூச்சடங்கும். முதுகில் குத்துவது நங்கூரமிட்ட படகுக்கு உரியது. சாளைக்கு மூக்குத் துவாரத்தின் குறுக்காக, மணலைக்குக் கீழிருந்து மேலுதடு வழியாக. இறக்கும்போது நூலை விரலால் தடுத்துத் தடுத்து விடுங்கள். ஈயம் கல் மாதிரி விழுந்தால் தங்கூசி சுற்றிக்கொள்ளும்.

கடித்த பிறகு

நல்ல இரை வேட்டை மீனைக் கண்டதும் பதறும். ரொட்டின் நுனி படபடவென்று துடிக்கும். அதன்பிறகு ஒரு பாரம். ஏதோ சாக்குத் துண்டு மாட்டியது போல இருக்கும். உடனே வெட்டி இழுக்கத்தான் கை பரபரக்கும், ஆனால் பொறுங்கள். நூலைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், மெதுவாக ஐந்து எண்ணுங்கள், பிறகு ரீலை மட்டும் சுற்றுங்கள். வட்டத் தூண்டில் நூல் இறுகும்போது தானாக மாட்டும், வெட்டி இழுத்தால் வாயிலிருந்து கழன்று வந்துவிடும்.

ஹாலிபட் முதலில் பெரிதாகச் சண்டை பிடிக்காது. பலகை ஒன்றை இழுப்பது போல மேலே வரும். வெளிச்சத்தையும் கயாக்கின் நிழலையும் கண்ட பிறகுதான் அதற்கு ஞானம் பிறக்கும். நேரே அடிக்குப் பாயும். ரீலின் உராய்வுப் பிடியை இறுக்கி வைத்திருந்தவர்களின் நூல் அறுவது இந்த இடத்தில்தான். இரண்டு மூன்று தடவை பாய விடுங்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காதீர்கள், தூக்கினால் இன்னும் வெறிகொண்டு அடிக்கும். வலையைத் தண்ணீருக்குள் முதலே வைத்துக்கொண்டு, தலை முதலாக அதற்குள் வழிநடத்துங்கள். மடிக்குக் கொண்டுவந்ததும் ஈரத்துணியால் கண்ணை மூடினால் ஓரளவு அடங்கும். இங்கே வலையில் வருவது திருக்கையாகவோ கெளுத்தியாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் விஷமுள் உண்டு. அப்படியென்றால் மடிக்கே கொண்டுவராமல் பக்கத்திலேயே தங்கூசியை அறுத்து விடுங்கள்.

இதெல்லாம் செய்யும்போது நீங்கள் ஒரு குறுகிய பிளாஸ்டிக் மிதவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது மறந்துபோகும். உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், வாளிக்குப் பக்கத்தில் அல்ல. துடுப்பு கயாக்கோடு கட்டியிருக்க வேண்டும். தொலைபேசி நீர்புகாப் பையில், விசில் கழுத்தில். படகுக்காரர் கண்ணுக்குத் தெரிய உயரமான கம்பில் செம்மஞ்சள் துணி. கவிழ்ந்தால் திரும்ப ஏறிக்கொள்வதை முதலில் பொல்கொட ஏரியில் பழகிவிட்டுக் கடலுக்கு வாருங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். காலையில் படகு இறக்கும் கடற்றொழிலாளரிடம் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போவது வழக்கமாகட்டும். "தம்பி, இண்டைக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் வானிலைச் செயலி என்ன சொன்னாலும் வேண்டாம்தான்.

மீன் வைத்துக்கொள்வதற்கானது என்றால் உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு ஐஸில் வையுங்கள். நம் வெயிலில் ஒரு மணித்தியாலம் தாமதித்தாலும் சதை குழைந்துவிடும். தட்டை மீனில் நடுமுள்ளை ஒட்டி மேல்பக்கம் இரண்டு, கீழ்ப்பக்கம் இரண்டு என்று நாலு துண்டுச் சதை எடுக்கலாம். தலையும் முள்ளும் சொதிக்கு. சதையைக் குழம்பில் போட்டால் கரைந்து காணாமல் போகும் என்பது என் கருத்து. மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்து, சூடான எண்ணெயில் பொரித்தெடுப்பதே அதற்கு நியாயம். வீட்டில் இதற்கு மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இருந்தால் நாலில் ஒரு துண்டை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.